முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள்: சிறுவர்களுக்கு வியப்பான செய்திகளைச் சொல்லும் முறை

ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு என்று நான் முதன்முதலில் ஒரு சிறுவர் கூட்டத்தில் சொன்னபோது, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் "சரி" என்று சொல்லிவிட்டுப் பென்சில் சீவத் தொடங்கினான். எனக்கு உள்ளூர வருத்தம்தான். குடியிருப்பின் சிறு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்து இத்தகைய செய்திகளைச் சொல்லத் தொடங்கியிருந்த புதிது. நல்ல செய்தி ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொன்னாலே போதும், கண்கள் விரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அடுத்த வாரம் எதையும் சொல்லாமல், "காலையில் எழுந்ததும் நீ உயரமா, இரவு தூங்கப் போகும்போது உயரமா?" என்று கேட்டேன். அதே பையன் எழுந்து நின்று வாதாடினான். இரண்டு வாரங்களுக்கும் இடையிலான வேறுபாடு செய்தியின் தரத்தில் இல்லை, அதைச் சொன்ன முறையில்தான் இருந்தது. வீட்டிலோ வகுப்பறையிலோ பயணத்திலோ சிறுவர்களுக்கு வியப்பான செய்திகளைச் சொல்ல விரும்புகிறவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

வியப்பு என்பது எதிர்பார்த்தது பொய்க்கும்போது உண்டாவது. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் பொய்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆக்டோபஸின் உடலைப் பற்றி அந்தப் பையன் அதுவரை ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை. அதற்கு இதயம் மூன்று என்றாலும் முப்பது என்றாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆகவே விடையைச் சொல்வதற்கு முன் ஒரு ஊகத்தைக் கேட்டு வாங்குங்கள். "உன் நெஞ்சில் கை வைத்துப் பார், துடிப்பது எத்தனை? நாய்க்கு எத்தனை? மீனுக்கு? ஆக்டோபஸுக்கு?" என்று படிப்படியாக ஏறிச் செல்லலாம். ஒன்று, ஒன்று, ஒன்று என்று சொல்லிப் பழகிய நாக்கு நான்காவது கேள்வியில் தயங்கும்; அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டியது. அதன்பின் மூன்று என்று சொன்னால் "ஏன்?" என்ற கேள்வி தானாக வரும். செவுள்கள் வழியாக இரத்தத்தைத் தள்ளுவதற்கு இரண்டு, உடலின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்புவதற்கு ஒன்று என்று பிரித்துச் சொல்லுங்கள். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் செம்பு செய்கிறது என்பதையும், அதனால்தான் அதன் இரத்தம் நீலமாக இருக்கிறது என்பதையும் உடனே கொட்டிவிட வேண்டாம். "இரத்தம் என்ன நிறம்?" என்ற கேள்வியை மறுநாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊகத்தைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. தவறான ஊகத்தைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. மற்றப் பிள்ளைகளையும் சிரிக்கவிடக்கூடாது. ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை "தெரியாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும், அத்துடன் விளையாட்டு முடிந்துவிடும். நான் ஊகங்களைப் பலகையில் பெயரில்லாமல் எழுதிவைப்பேன். எல்லாரும் தவறாகச் சொல்லியிருந்தால் அதுவே கொண்டாட்டமாகிவிடும்.

அடுத்தது, எந்தச் செய்தியைத் தேர்ந்தெடுப்பது என்பது. ஆழ்கடலும் விண்வெளியும் எளிதில் கவரும் என்று தோன்றினாலும், பிள்ளை தானே சோதித்துப் பார்க்கக்கூடிய செய்திகளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் அனுபவம். மேலே சொன்ன உயரக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் நிற்பதாலும் நடப்பதாலும் முதுகெலும்புத் துண்டுகளுக்கு இடையில் உள்ள மெத்தை போன்ற வட்டுகள் சற்றே அமுங்குகின்றன. இரவில் படுத்திருக்கும்போது அவை மீண்டும் நீரை ஈர்த்து உப்புகின்றன. அதனால் காலையில் நாம் சற்று உயரமாக இருக்கிறோம். பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். இதைச் சொல்லாமல், சுவரையும் பென்சிலையும் பிள்ளையிடம் கொடுங்கள். படுக்கையிலிருந்து எழுந்தவுடன், வெறுங்காலுடன், குதிகால் சுவரில் ஒட்டியிருக்க நின்று, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து ஒரு கோடு; இரவு தூங்கப் போகுமுன் அதே ஆள், அதே புத்தகத்தால் இன்னொரு கோடு. சிறுவர்களுக்குச் சில மில்லிமீட்டர்தான் வேறுபடும் என்பதால் புத்தகம் சாய்ந்தாலே கணக்குக் கெட்டுவிடும். ஒரு நாள் அளந்து ஏமாந்த பிள்ளை தானாகவே நான்கு நாள் அளக்கத் தொடங்கும். வீட்டுச் சுவர் வீணாகிறதே என்று தாத்தா பாட்டி குறைபட்டால் அவர்களையும் அளந்துவிடுங்கள். அதற்குப் பிறகு, புவியின் இழுப்பு முதுகை அழுத்தாத விண்வெளி நிலையத்தில் தங்கும் வீரர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு வரை உயர்ந்துவிடுகிறார்கள் என்பதைச் சொன்னால், விண்வெளி இப்போது பிள்ளையின் முதுகெலும்போடு தொடர்புடையதாகிவிடுகிறது.

தெருவில் கேட்கும் ஒலிகளுக்கும் இதே முறை பொருந்தும். வெயில் காலம் தொடங்கியதும் மரத்திலிருந்து விடாமல் கூவுகிற குயிலைக் காட்டி, அது ஆணா பெண்ணா என்று கேளுங்கள். இனிய குரல் என்றால் பெண் என்று பாட்டும் கதையும் நமக்குப் பழக்கிவைத்திருப்பதால் பெரியவர்களும் பெண் என்றே சொல்வார்கள். சுருதி ஏற்றிக்கொண்டே "கூ… கூ" என்று கூவுவது ஆண் குயில்தான்; பளபளக்கும் கரிய உடலும் சிவந்த கண்ணும் அதற்கு. பெண் குயில் பழுப்பு நிற உடலில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் கொண்டது. அதன் குரல் "கிக் கிக் கிக்" என்று வேகமாகத் தெறிப்பது. பல வீடுகளில் அதை வேறு ஏதோ பறவை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக இது நல்ல வழி.

இடி மின்னலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மின்னலின் ஒளியோ கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆகவே மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எத்தனை நொடி ஆனதோ அதை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்பது தெரிந்துவிடும். இதை வீட்டுக்குள் இருந்துதான் செய்ய வேண்டும், மொட்டை மாடியில் நின்று செய்யக்கூடாது. எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே இருந்தால் வெளியே போகவே கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். இடிக்கு அஞ்சி அம்மாவைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள் எண்ணத் தொடங்கியதும் அச்சத்தை மறந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது நிழல். "நண்பகல் 12 மணிக்குச் சூரியன் எங்கே இருக்கும்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலைக்கு நேர் மேலே என்பார்கள். உண்மையில் சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரண்டே நாள்கள்தான்: ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒருமுறை. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 அல்லது 11ஆம் தேதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நிகழும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லியில் ஒருபோதும் நிகழாது. சென்னையில் அந்த நாளில் 12 மணியிலிருந்து 12.20 வரை ஒரு தண்ணீர்ப் புட்டியைச் சமதளத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தால், அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியிலேயே ஒளிந்துகொள்ளும். சில நிமிடங்களில் மறுபுறம் எட்டிப்பார்க்கும். நாள்காட்டியில் முன்கூட்டியே வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிவிட்டால் மறுநாளும் ஏறத்தாழ அதே காட்சிதான், கவலை வேண்டாம்.

வெயிலில் போக முடியாத நாளுக்குச் சமையலறை இருக்கிறது. அதைப் போல வியப்புகள் நிறைந்த இடம் வீட்டில் வேறில்லை என்பேன். பிள்ளையிடம் ஒரு கூடையைக் கொடுத்து, "ராஜராஜ சோழனுக்குச் சமைக்கப் போகிறோம், அவர் காலத்தில் இங்கே இல்லாதவற்றையெல்லாம் எடுத்துக் கூடையில் போடு" என்று சொல்லுங்கள். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்தது 1492இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியாகவும் அவர்களுக்குப் பின் வந்தவர்கள் வழியாகவும்தான் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளை முதலில் ரொட்டி, சாஸ், நூடுல்ஸ் ஆகியவற்றை எடுத்துப் போடும். அப்போது நீங்கள் மிளகாய் வற்றல் டப்பாவை எடுத்துக் கூடையில் வைக்க வேண்டும்.

அந்த நொடிக்காகவே இந்த விளையாட்டை ஆடலாம். மிளகாய் போனால் சாம்பார்ப் பொடி போகிறது, இட்லிப் பொடி போகிறது, ஊறுகாய் போகிறது. பிறகு தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, முந்திரி எல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். பழக்கூடையில் கொய்யா, பப்பாளி, அன்னாசி, சப்போட்டா ஆகியவையும் போகும். "அப்படியென்றால் காரத்துக்கு என்ன செய்தார்கள்?" என்று பிள்ளை கேட்கும்போது மிளகை எடுத்துக் காட்டுங்கள். பின்னால் வந்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்து மிளகாய் என்று அழைத்தோம் என்பதை அது தானே பிரித்துக் கண்டுபிடிக்கும்: மிளகு, காய். அரிசி, உளுந்து, துவரை, எள், இஞ்சி, மஞ்சள், கத்தரிக்காய், வாழை, மா, பலா ஆகியவை சோழன் மேசையில் தாராளமாக இருக்கலாம். முடிந்தால் அன்று மாலை மிளகாயும் தக்காளியும் இல்லாத மிளகு ரசம் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

மிளகாயை அத்துடன் விட்டுவிட மனம் வராது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருக்கிற பிள்ளையிடம், கிளிக்கு ஏன் காரம் எரிவதில்லை என்று கேளுங்கள். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், நம் வாயில் சூட்டை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. மூளை, வாயில் நெருப்புப் பட்டதாகவே எண்ணிக்கொள்கிறது. காரம் இனிப்பு, புளிப்பு போன்ற ஒரு சுவையல்ல, சுடுகிறது என்ற பொய்ச் செய்தி அது. பறவைகளின் உடலில் அந்த உணர்வு முனை கேப்சைசினுக்கு மசிவதில்லை. செடிக்கும் இதில் ஆதாயம் உண்டு: எலி போன்ற விலங்குகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவையோ விழுங்கித் தொலைவில் முழுதாக எச்சமிடும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது என்பதால் காரம் எரியும்போது தண்ணீர் குடித்துப் பயனில்லை. தயிரோ பாலோ உதவும். இதற்குச் சோதனை தேவையே இல்லை, பிள்ளைகள் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள்தான்.

முந்திரியைப் பற்றியும் ஒரு வரி. பண்ருட்டிப் பக்கம் போனால், சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும் முந்திரிப்பழத்தின் அடியில் கொட்டை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தாவரவியல் கணக்கில் அந்தக் கொட்டைதான் பழம். நாம் பழம் என்று கடிப்பது உப்பிப் பெருத்த காம்பு.

எண்கள் வரும் செய்திகளில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "கோடிக்கணக்கான கிலோமீட்டர்" என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு "ரொம்ப தூரம்" என்பதற்கு மேல் எதையும் உணர்த்தாது. எண்ணைக் கையால் பிடிக்கும்படி செய்ய வேண்டும். ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, பாதி பாதியாக எத்தனை முறை மடிக்க முடியும் என்று கேளுங்கள். இருபது, ஐம்பது என்று பந்தயம் கட்டுவார்கள். ஆறு அல்லது ஏழாவது மடிப்பில் தாள் கல்லாகிவிடும். காரணம் எளிது: ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பாகின்றன, ஏழாவது மடிப்பில் 128 அடுக்குகள். ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, மடிக்க முடிந்தால் என்னவாகும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். பத்தாவது மடிப்பில் பத்து சென்டிமீட்டர். இருபதில் 100 மீட்டரைத் தாண்டும். முப்பதில் 107 கிலோமீட்டர். நாற்பத்திரண்டாவது மடிப்பில் 4,39,804 கிலோமீட்டர். நிலவு இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில்தான். இந்தக் கணக்கைக் கால்குலேட்டரில் செய்யவிடாமல் கையால் இரட்டிக்கச் சொல்லுங்கள். எண் வீங்குவதை விரல்கள் உணர வேண்டும். ஏழு மடிப்புக்கு மேல் யாராலும் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டில் பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்க மாணவி, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மெல்லிய கழிப்பறைத் தாளைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டியிருக்கிறார்.

வகுப்பறை கிடைத்தால் பிறந்தநாள் விளையாட்டை ஆடிப் பாருங்கள். ஆண்டில் 365 நாள்கள்; ஒரே நாளில் பிறந்த இருவர் ஒரு கூட்டத்தில் இருக்க வேண்டுமானால் எத்தனை பேர் வேண்டும்? பிள்ளைகள் 180 என்பார்கள், கெட்டிக்காரர்கள் 366 என்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு 23 பேரே போதும். 40 பேர் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 89 விழுக்காடு. நாம் "என் பிறந்தநாளோடு யாருக்கு ஒத்துப்போகும்?" என்று எண்ணுகிறோம், ஆனால் கேள்வி "எந்த இருவருக்காவது ஒத்துப்போகுமா?" என்பது. 23 பேரில் 253 இணைகளை அமைக்கலாம். அந்த 253 வாய்ப்புகளைத்தான் நாம் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறோம். ஆசிரியர் அறையில் இதை ஆடினால் விடை வேறு காரணத்தாலும் பலிக்கும்: பள்ளியில் சேர்ப்பதற்காக மே, ஜூன் மாதத் தேதியைக் குத்துமதிப்பாக எழுதிவிட்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி, சொல்வதற்கு முன் நாம் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி. வியப்பூட்டும் செய்திகளில் பாதி, வாய் மாறி வாய் மாறி வரும்போதே கோணலாகிப்போனவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நானும் சிறுவயதில் நம்பியவன்தான். காலையிலோ மாலையிலோ அங்கே போய் நின்றால் நிழல் நீண்டு கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இப்படி ஒரு கதை ஏன் பிறந்தது என்பதைப் பிள்ளைகளோடு ஆராய்வது அந்தக் கதையைவிடச் சுவையானது. விமானம் அடியில் அகன்று மேலே குறுகிச் செல்கிறது. நம் ஊர்களில் ஆண்டின் பல மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே நண்பகலில் உச்சியின் நிழல், விமானத்தின் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். மணலைக் கூம்பாகக் குவித்து, அதற்கு மேலே கைவிளக்கைப் பிடித்து, பிறகு மெல்லச் சாய்த்துக் காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். 1010ஆம் ஆண்டில், எந்திரங்கள் இல்லாத காலத்தில், 60 மீட்டருக்கும் மேலான கற்கோபுரத்தை எழுப்பியிருக்கிறார்கள் என்ற மெய்ச் செய்தி இருக்கும்போது, பொய் நிழல் எதற்கு?

திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடிகள் நின்றுவிடுகின்றன என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியும் இப்படிப்பட்டதே. தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர், ஒரே நிமிடத்தில் சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டும் வேகம் அது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. நின்றால் விழும், மூன்று நொடி கழித்துத் திரும்பவும் கிளம்பாது. இதைக் குழந்தையிடம் சொல்லும்போது, வீட்டில் யாராவது அந்தச் செய்தியை நம்பி அனுப்பியிருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "தாத்தா பொய் சொன்னார்" என்று பிள்ளை முடிவுகட்டிவிடாதபடி, "தாத்தாவையும் அழைத்து வா, மூவரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்" என்று சொல்வது நல்லது.

சீனப் பெருஞ்சுவரை நிலவிலிருந்து பார்க்கலாம் என்ற செய்தியையும் கணக்காலேயே சோதிக்கலாம். சுவரின் அகலம் 6 மீட்டர் என்று கொண்டால், அதை நிலவிலிருந்து பார்ப்பது ஒரு தலைமுடியை நான்கு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவைத்துப் பார்ப்பதற்குச் சமம். 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமிக்கு மிக அருகிலான சுற்றுப்பாதையிலிருந்தே சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். நீலத்திமிங்கிலத்தின் இதயம் கார் அளவு இருக்கும் என்பதும் இழுத்து நீட்டிய செய்தி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் 2014இல் ஒதுங்கிய திமிங்கிலத்தின் இதயத்தை எடுத்து நிறுத்தபோது அது ஏறத்தாழ 180 கிலோதான் இருந்தது. மூன்று பெரியவர்களின் எடையில் ஓர் இதயம் என்பது காரைவிடக் குறைவான வியப்பா என்ன?

நான் கைக்கொள்ளும் சோதனை இது: ஒரு செய்தியில் "மிகப் பெரிய", "முதல்", "ஒரே", "ஒருபோதும்" ஆகிய சொற்களில் ஒன்று வந்தால் நின்று பார்ப்பேன். சனிக்கோளா வியாழனா, எதற்குத் துணைக்கோள்கள் அதிகம்? 2023இன் தொடக்கத்தில் சில மாதங்கள் வியாழன் முன்னிலையில் இருந்தது. அதே ஆண்டில் சனி முந்தியது. 2025 மார்ச்சில் மேலும் 128 துணைக்கோள்கள் ஏற்கப்பட்டுச் சனியின் கணக்கு 274 ஆனது. இத்தகைய செய்தியை ஆண்டைச் சேர்க்காமல் சொல்லக்கூடாது. பழைய பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை அதில் புளூட்டோவை ஒன்பதாவது கோளாகப் பார்த்துவிட்டு வந்து கேட்கும். புத்தகம் 2006க்கு முன் அச்சானதா என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள்.

சில செய்திகள் உண்மைதான், ஆனால் ஒரு சொல்லின் பொருளைப் பற்றிக்கொண்டு நிற்பவை. வெள்ளியில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம் என்பார்கள். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள்கள், சூரியனைச் சுற்ற 225 நாள்கள்; அந்த அளவில் சரி. ஆனால் வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை 117 பூமி நாள்களே. "நாள்" என்றால் எது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்று வேறு எதையும் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளையைச் சூரியனாக நடுவில் நிறுத்தி, இன்னொருவனை மெல்லச் சுழன்றபடி சுற்றவிட்டு, முகம் எத்தனை முறை சூரியனைப் பார்க்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும் என்பதும் இந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே மாலையில் பத்துச் செய்திகளைச் சொன்னால் ஒன்றும் நிற்காது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று, பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு, அவ்வளவுதான். சாப்பாட்டு நேரமும் பேருந்துப் பயணமும் நல்ல சமயங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டாம். மதிப்பெண் போடுவதும் பரிசு கொடுப்பதும் இதை இன்னொரு பாடமாக்கிவிடும் என்பதால் நான் அவற்றைக் கைவிட்டுவிட்டேன். மாறாக ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இடப்பக்கம் ஊகம், வலப்பக்கம் கண்டது, கடைசிப் பக்கங்களில் விடை தெரியாத கேள்விகள். எனக்கு விடை தெரியாதபோது "தெரியாது" என்று சொல்லி அந்தக் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்வேன். அடுத்த சனிக்கிழமைக்குள் யார் விடை கொண்டுவந்தாலும் எங்கே பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "யூடியூபில் ஒரு அண்ணன் சொன்னார்" என்பது மட்டும் போதாது என்பதை அவர்களே விதியாக்கிவிட்டார்கள்.

சில வாரங்கள் சென்றதும் பிள்ளைகள் உங்களைக் கேட்கத் தொடங்குவார்கள். அப்போது விதி உங்களுக்கும் பொருந்தும்: விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், முதலில் ஊகத்தைச் சொல்ல வேண்டும், அது நோட்டில் ஏற வேண்டும். பென்சில் சீவிய அந்தப் பையன் சென்ற மாதம் என்னிடம், மயிலிறகை அம்மியில் வைத்து அரைத்தால் பொடி என்ன நிறத்தில் வரும் என்று கேட்டான். நீலம் என்றேன். பழுப்பு என்று வந்தது. இறகில் நீலச்சாயமே இல்லை, அதன் நுண்ணிய அமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகத் தெரிகிறது என்பதை அவன் முன்பே படித்துவிட்டு வந்திருக்கிறான். என் தவறான ஊகம் நோட்டின் இடப்பக்கத்தில், அவன் கையெழுத்தில், தேதியோடு இருக்கிறது.